சிங்கி ஓடு கழற்றும் வேளை

அமெரிக்காவின் லூசியானாச் சதுப்பு நிலங்களில் வாழும் செந்நிற நன்னீர்ச் சிங்கிக்கு ஓடே அரண், சிறையும் அதுவே. ஓடு வளராது. ஆதலின், வளரும் உடல் அதனைக் கழற்றியே தீரவேண்டும். புதிய ஓடு இறுகும்வரை அப்பிராணி வெறும் மென்தசை. தன்னினமே அதனைத் தின்றுவிடும். வேளை தவறலாகாது.

அவ்வேளையைக் காப்பது, வியப்பாயினும், கண்ணைத் தாங்கும் காம்பேயாகும். அங்கிருந்து வரும் தடை ஓமோன், தலையிலுள்ள ‘வை’ என்னுஞ் சுரப்பியை அடக்கி வைக்கிறது. நண்டின் கண் காம்பை நீக்கினால் ஓடு விரைவிற் கழல்வதைச் சார்ள்ஸ் செலனி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவ்வாறு அகாலத்தில் ஓடு கழற்றும் சிங்கிகளுட் பல மடிகின்றன.

தடை நீங்கியதும் எக்டைசோன் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கிறது. ஆனால், கடிதம் வந்தும் வாசிப்பார் இல்லையேல் பயன் யாது? உயிரணுவினுள் இரு வாங்கிப் புரதங்கள் இணைந்து ஓமோனைப் பற்றி, உறங்கும் பரம்பரையலகுகளை எழுப்புகின்றன. இவ்வாங்கிகளுள் ஒன்றன் பரம்பரையலகு 1991இல் பழ ஈயில் இனங்காணப்பட்டது. பின்னர் நண்டு, இறால் இனங்களிலும் கண்டனர். வாங்கி குன்றினால், ஓமோன் இருந்தும் ஓடு கழல்வது தடைப்படும்.

வாங்கி செவ்வனே இயங்கினாலோ, சிங்கி பழைய ஓட்டின் சுண்ணத்திற் சிறிதை மீட்டு, இரைப்பைச் சுவரில் இரு கற்களாகச் சேமிக்கிறது. ஓடு கழன்றபின் அக்கற்கள் கரைந்து, புதிய ஓட்டை இறுக்க உதவுகின்றன.