நூல் நிலையமும் நடைச் சங்கமும்
(கிராம வாசகர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



ஏரின் பின்னும் ஏற்றத்தின் மீதும் பகலெல்லாம் நடக்கும் குடியானவனுக்கு நடைப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வியே. இப்பொழுதோ ஏற்றத்தின் இடத்தில் மின்சார பம்பும், ஏரின் இடத்தில் டிராக்டரும் வந்துவிட்டன. இரண்டு பர்லாங்கிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டென்று, 2023-ஆம் வருஷத்தில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. அது பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பது வீண் பேச்சு.

வாரத்தில் குறைந்தது 150 நிமிஷமாவது விறுவிறுப்பான நடைக்கு ஒப்பான உழைப்பு வேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறியது. நாளொன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நேராகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே தக்க வேகம். இதற்கு யந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆயினும் தனியாகத் தொடங்குபவர் பத்தாம் நாள் நின்றுவிடுகிறார். மழை ஒரு சாக்கு, விருந்தாளி ஒரு சாக்கு.

இங்கேதான் நூல் நிலையம் உதவுகிறது. அதற்கு நிலையான இடமும் வேளையும் உண்டு. ஜாதி, கட்சி என்னும் பேதமின்றி எவரும் படியேறலாம். 1931-ஆம் வருஷத்தில் மன்னார்குடியில் புத்தகங்களை மாட்டு வண்டியிலேற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அன்று புத்தகம் வாசகரைத் தேடி நடந்தது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, நூலகத்துக்கென்றே வரியும் ஏற்பட்டது. வரி கொடுக்கும் ஜனங்கள் அந்தத் திண்ணையில் கூடிப் புறப்படுவதற்கு எவரிடமும் கூசி நிற்க வேண்டியதில்லை.

மாலையில் நூல் நிலையம் திறந்திருக்கும்போதே புறப்பட்டு, மூடுமுன் திரும்புவது உசிதம். தனியே நடக்கக் கூச்சப்படும் பெண்கள் பத்துப் பேராகச் சேர்ந்தால் தயங்கமாட்டார்கள். வீட்டில் காரணம் கேட்டால், புத்தகம் மாற்றப் போவதாகச் சொல்வதிலும் பொய்யில்லை. திரும்பும்போது கையில் புத்தகம் இருக்குமே! நூலகர் பெரும்பாலும் தனி ஆளாக வேலை பார்ப்பவர். நடைச் சங்கத்தின் பாரத்தை அவர் தலையில் ஏற்றலாகாது. வாசகர் வட்டத்தில் ஒருவர் பொறுப்பேற்றால் போதும்.

சந்தா வேண்டாம். பணம் சேர்ந்த இடத்தில் தலைவர் யார் என்ற வழக்கும் சேரும். அதனால் அழிந்த சங்கங்கள் அநேகம். ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம்: தேதி, பெயர், வந்தாரா இல்லையா என்ற குறி. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட கிராம நாணய சங்கங்களில், ஒருவர் கடனுக்கு மற்றெல்லோரும் ஜவாப்தாரிகள். அதனாலேயே அங்கத்தினர் ஒருவரையொருவர் கவனித்து வந்தார்கள். அவ்வாறே இங்கும் மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய் விசாரிக்க வேண்டும். காய்ச்சலென்றால் ஆறுதல் சொல்லலாம், சோம்பலென்றால் கையோடு அழைத்து வரலாம்.

வாலிபர்களுக்கு நடை போதாது. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டுமென்று நிபந்தனை இருந்து வந்துள்ளது. அதற்காக நூல் நிலையத்தில் படிக்கும் பையன்கள் விடியுமுன் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே தனித்து ஓடுகிறார்கள். பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எப்படி? பள்ளி மைதானத்தையோ ஏரிக்கரையையோ அனுமதி பெற்று அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். புதிதாக ஓடுபவர் ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடந்து, வாரத்துக்கு வாரம் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சாலையில் நடந்தே தீர வேண்டுமானால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக, வெளுத்த துணி உடுத்து நடக்கவும்.

நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு வரக்கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. சிறு புண் பெரிதாகிக் காலையே இழக்க நேரிடும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் சிறிது சர்க்கரையை மடியில் முடிந்து வருவது நல்லது. நடக்கும்போது மார்பு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். உடன் வருபவர் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.