கீழாநெல்லியும் கல்லீரல் வடுவும்



மஞ்சட்காமாலை என்றதும் தமிழர் கை கீழாநெல்லியைத் தேடும். அரைத்து மோரிற் கலந்து உண்பர். கண்ணின் மஞ்சள் நீங்கும். நோய் தீர்ந்ததென மகிழ்வர். சிலவகைக் காமாலை தானே தணிவதும் உண்டு. ஆயின், மஞ்சள் நீங்குவது வேறு. கல்லீரலின் வடு நீங்குவது வேறு.

குடியாலோ கொழுப்பாலோ நச்சுயிரியாலோ கல்லீரல் நெடுநாள் புண்படின், அதனுள் உறங்கிக் கிடக்கும் விண்மீன்வடிவ உயிரணுக்கள் விழித்தெழுந்து நார்ப்பொருளைச் சுரக்கின்றன. அந்நாரே வடு. அது வலியின்றி வளரும். முற்றின் ஈரல் இறுகிச் சுருங்கும்.

சென்னை ஆய்வாளர் கீழாநெல்லியைத் தேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். பி-வகை ஈரல் நச்சுயிரியைத் தாங்கியோருள், மூலிகை உண்ட 37 பேரில் 22 பேர்க்குக் குருதியில் அதன் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. பின்னர்த் தாய்லாந்து முதலிய நாடுகளின் ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. அவையும் நச்சுயிரியைப் பற்றியனவே. வடுவைப் பற்றியன அல்ல.

மஞ்சளிலுள்ள குர்க்குமின், நடுநிலக்கடற் பகுதி முட்செடியொன்றின் விதையிலுள்ள சிலிமரின் ஆகியன ஆய்வுக்கூடத்தில் அவ்வுயிரணுக்களை அடக்குகின்றன. எனினும் உண்ட குர்க்குமின் குருதியிற் சேர்வது மிகக் குறைவு. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் கெட்டோரும் உளர். மாந்தர் ஈரலின் வடுவை ஆற்றுமென உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட செடிப்பொருள் இன்றளவும் இல்லை.

முன்னோர் பச்சிலையைக் கண்டறிந்தனர். அதனை அளந்தறிதல் வழிவந்தோர் கடன். அதுவரை, காமாலை கண்டோர் குருதியை ஆய்ந்து காரணம் அறிக! குடியை விடுக! காரணம் நீங்கின் வடுவும் ஓரளவு கரையும். மூலிகையின் பெயரால் மருத்துவரைக் காணும் நாளைத் தள்ளிப்போடற்க!