பரம்பரையாக வரும் கால் வீக்கம்

(பிள்ளைக்காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நாங்கள் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு, அடுப்பு வேலையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பிடிக்க மாட்டோம். இன்றைக்குப் பேச வந்தது கால் வீக்கத்தைப் பற்றி. அதிலும் தாய் தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருகிற வீக்கத்தைப் பற்றி.

லயங்களுக்குப் போகும்போது நாங்கள் கேட்கிற பேச்சு இது: "அந்த வீட்ல பொண்ணு எடுக்காதீங்க, யானைக்கால் குடும்பம்." பிள்ளை கால் வீங்கிப் பிறந்துவிட்டால், "மருமக கொண்டு வந்த சீக்கு" என்று ஒரு பழி. சில வீட்டில் அந்தப் பிள்ளைக்குப் பாய் வேறு, துவாய் வேறு. பாவம், அது என்ன செய்தது?

யானைக்கால் என்பது வேறு. நுளம்பு கடித்து, ஒரு புழு உடம்புக்குள் போய் வருவது. நம் நாட்டில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் இருந்து வந்தது. 2016ஆம் ஆண்டில் இலங்கை அதைக் கட்டுப்படுத்திவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. அந்த யானைக்கால் கூடத் தொட்டால் ஒட்டாது. பரம்பரை வீக்கத்தில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் ஏன் வீங்குகிறது? மலையில் கான் வெட்டுகிறோமே, எதற்கு? மழைத்தண்ணீர் தேயிலை வேரில் தேங்காமல் ஓடிப் போவதற்கு. நம் உடம்பிலும் அப்படிக் கான்கள் உண்டு. இரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீரை இவை இழுத்து, மறுபடி இரத்தத்திலேயே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். கான் சரியில்லை என்றால் நீர் தேங்கும். நிற்கிற உடம்பில் எங்கே தேங்கும்? காலில்தான்.

அமெரிக்காவில் ஒமாஹா என்ற நகரத்தில் மில்ரோய் என்ற டாக்டர் இருந்தார். அவர் ஒரே குடும்பத்தில் ஆறு தலைமுறையை விசாரித்து 1892இல் எழுதி வைத்தார். 97 பேரில் 22 பேருக்குக் கால் வீக்கம். அநேகமாகப் பிறக்கும்போதே வந்த வீக்கம். அதனால்தான் அதற்கு மில்ரோய் நோய் என்று பெயர். நூறு வருஷம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. 2000ஆம் ஆண்டளவில், ஐந்தாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரை அலகில் பழுது இருப்பதைக் கண்டார்கள். 'கான்களே, வளருங்கள்' என்று உடம்பு அனுப்புகிற செய்தியை வாங்குகிற இடத்தை அந்த அலகுதான் செய்கிறது. அது பழுதானால் செய்தி வந்தும் கான் சரியாக வேலை செய்யாது.

இன்னொரு வகை, வயதுக்கு வரும் காலத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ தொடங்கும். இதில் ஒரு அடையாளம் உண்டு. கண் இமையில் மயிர் இரண்டு வரிசையாக இருக்கும். உள் வரிசை கண்ணில் குத்திக் கண் சிவக்கும், நீர் வடியும். நிணநீர்க் குழாயில் கதவு மாதிரி இருப்பவை சரியாக மூடாததால், ஏறின நீர் திரும்பக் கீழே இறங்கிவிடுகிறது. காலுக்கு ஒருவரிடம், கண்ணுக்கு இன்னொருவரிடம் என்று தனித்தனியாகக் காட்டினால் இந்த இரண்டும் ஒன்று என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த மருமகள் பேச்சுக்கு வருவோம். நாங்கள் சொன்ன இரண்டு வகையிலும், பழுதான அலகு தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். ஒருவரிடம் இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசு சுண்டுவது போல. மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி இளையதுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு தடவையும் காசு புதிதாகத்தான் விழும். அலகு இருந்தும் வீக்கம் தெரியாமலே வாழ்கிறவர்களும் உண்டு. மருமகளைப் பேசுகிற மாமியாரின் மகனிடமே அது இருக்கலாம்! பரம்பரையில் ஒருவருக்கும் இல்லாமல் ஒரு பிள்ளையில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. சொந்தத்தில் கட்டியதால்தான் என்பதும் இந்த இரண்டுக்கும் பொருந்தாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டும் தோன்றுகிற அபூர்வ வகைகளுக்கே அது பொருந்தும்.

பெண் குழந்தை கையும் காலும் வீங்கிப் பிறந்தால், 'குண்டுப் பிள்ளை' என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். டேர்னர் என்ற குறையாகவும் இருக்கலாம். அதில் இருதயத்தையும் பார்க்க வேண்டிவரும். குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள்.

பரம்பரை அலகைத் திருத்துகிற மருந்து கிடையாது. மறைத்துப் பேச மாட்டோம். ஆனால் கால் பெருத்துப் போவதைத் தடுக்கலாம். தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசுங்கள். சேற்றுப்புண்ணுக்கு உடனே மருந்து போடுங்கள். அட்டைக் கடியைச் சொறிய வேண்டாம். அந்தச் சின்னப் புண் வழியாகத்தான் கிருமி போகிறது. படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். அழுத்தக் காலுறையோ கட்டுத்துணியோ டாக்டர் அளவு பார்த்துச் சொன்ன பிறகுதான். சும்மா கயிறு கட்டுவது, சூடு வைப்பது, கீறி நீர் எடுப்பது எதுவும் வேண்டாம். சிறுநீர் போகிற குளிசையைக் கடையில் வாங்கி விழுங்குவதும் இந்த வீக்கத்துக்கு உதவாது.

கால் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரட்டு முடியட்டும், சம்பள நாள் போகட்டும் என்று தள்ளாதீர்கள். கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கி, தலைவலி இருந்தால் அது வேறு விஷயம், அதைவிட அவசரம். திடீரென்று வருகிற வீக்கம் இருதயத்தாலோ சிறுநீரகத்தாலோ கூட வரும். எது என்று சொல்ல வேண்டியது டாக்டர், நாங்களும் இல்லை, பக்கத்துக் காம்பராவும் இல்லை.

வரும்போது இந்த விபரங்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: வீட்டில் யார் யாருக்கு வீக்கம் இருந்தது, எந்த வயதில் தொடங்கியது, ஒரு காலா இரண்டு காலா. பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதித் தருகிறோம்.