பின்னட்டையில் நாலு வரி



கடையில் நாவலைக் கையிலெடுப்பவர் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பார். அடுத்துத் திருப்பிப் பின்னட்டைக் குறிப்பைப் படிப்பார். வாங்குவதா, வைத்துவிடுவதா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

இக்குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'பிளர்ப்' என்று பெயர். 1907-இல் கெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், தம் நூலின் உறையில் 'பெலிண்டா பிளர்ப்' என்ற கற்பனைப் பெண்ணைப் போட்டு, அளவுமீறிய புகழ்ச்சியைக் கேலி செய்தார். கேலிப் பெயர் நிலைத்துவிட்டது, புகழ்ச்சியும் ஒழியவில்லை.

'அரிய படைப்பு; அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்ற வாசகம் எந்த நாவலுக்கும் பொருந்தும். அதனால் எந்த நாவலைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை.

ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-43-இல் ஜப்பானியர், 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காடு, காய்ச்சல், பசி. பலர் வீடு திரும்பவில்லை. காலம், இடம், மனிதர், ஆபத்து ஆகிய நான்கையும் சொன்னால் போதும். கதையில் யார் பிழைத்தார் என்பதைச் சொல்லிவிடக் கூடாது. அது நாவலுக்கு உரியது.

பாட்டன்மார் பட்ட பாடு பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமானால், அவர்கள் முதலில் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்த நாலு வரியை எழுத ஒரு வாரம் ஆனாலும் தகும்.