வெட்டேற்கும் பலகை

ஊவா மலைச்சாரலிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிகளைக் காணாதவர் இலர். கம்பி வலையின்மேல் பச்சைக் கொழுந்து பரப்பப்பட்டிருக்கும். விசிறி செலுத்தும் காற்று கீழிருந்து வலையினூடாக மேலெழுந்து, இலையின் ஈரத்தை மெல்ல மெல்லக் கவர்ந்து செல்லும். கொழுந்தைப் பரப்பும் தொழிலாளிக்கு ஒரு நியதி நன்கு தெரியும். ஓரிடத்தில் இலை மெல்லிதாகக் கிடந்தால் காற்று அவ்வழியே ஓடிவிடும். தடித்துக் கிடக்கும் இடத்தில் இலை சரியாக வாடாது. காற்று எப்பொழுதும் எளிய வழியையே நாடும். இவ்வுண்மையை அறிந்தவருக்கு, இக்காலத்து மரவேலைப் பட்டறையிலுள்ள புதுமையான இயந்திரமொன்றின் இயல்பும் எளிதில் விளங்கும்.

அவ்வியந்திரம் கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்குவது. சி.என்.சி. ரவுட்டர் என்பது அதன் பெயர். கதவின் பூவேலை, அலுமாரிப் பலகை, பெயர்ப்பலகை ஆகியவற்றை அது சில நிமிடங்களிற் செதுக்கித் தரும். வேகமாகச் சுழலும் வெட்டலகு எத்திசையிலும் நகர்ந்து வெட்டும்போது, வெட்டப்படும் மரம் மயிரிழையும் அசையலாகாது. ஆணி அடித்தால் அலகு ஆணியில் மோதலாம். பிடிகருவி வைத்தால் அது அலகின் வழியை மறிக்கலாம். ஆகவே, மேசைக்கு அடியிலிருந்து காற்றைப் பம்பியால் வெளியேற்றி, மரத்தை மேசைமீது நிறுத்துகின்றனர்.

பம்பி மரத்தைக் கீழே இழுக்கிறது என்று எண்ணுதல் இயல்பே. உண்மையில் அதனை அழுத்திப் பிடிப்பது மேலேயுள்ள வளிமண்டலம். கடல் மட்டத்தில் அது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறக்குறைய 1 கிலோகிராம் பாரத்தின் அளவுக்கு அழுத்துகின்றது. மரத்தின் அடியிலுள்ள காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், 30 சென்ரிமீற்றர் நீளமும் அதே அகலமும் உள்ள பலகையின்மேல் ஏறத்தாழ 450 கிலோகிராம் பாரம் ஏற்றியதற்கு அது ஒப்பாகும். பக்கம் 10 சென்ரிமீற்றரேயான துண்டின்மேலோ அது 50 கிலோகிராம் மாத்திரமே. சிறு துண்டுகள் எளிதில் நழுவுவதன் காரணம் இதுவே.

இனி, மரத்தை அடிவரை அறுக்க வேண்டுமாயின் அலகு அதன் அடிமட்டத்தையும் சிறிது கடந்தாக வேண்டும். அங்கே மேசை இருப்பின் மேசையும் புண்படும், அலகும் முறியும். இதனைத் தவிர்க்க இடையில் வைக்கப்படுவதே ‘ஸ்பொயில்போட்’ எனப்படும் அடிப்பலகை. மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகையே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றது. அதன் இரு முகத்துத் தோல்களும் இறுகியவை. நடுப்பகுதியோ காற்றை ஊடுருவ விடுவது. ஆதலால் தோலைச் சீவி நீக்கினால் பலகை முழுவதும் காற்றுக்கு வழியாகிவிடும்.

ஒவ்வொரு வேலையும் இப்பலகையில் ஒரு கீறலை விட்டுச் செல்லும். கீறல்கள் பெருகப் பெருகக் காற்று அவற்றின் வழியே கசியும், பிடிமானம் தளரும். கொழுந்துத் தொட்டியில் மெல்லிதாகப் பரப்பிய இடம் செய்யும் கேட்டையே இங்குக் கீறல் செய்கின்றது. மேற்பரப்பை மீண்டும் சீவிச் சமமாக்கலாம். எனினும், 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை சீவிச் சீவிப் பாதியளவாக மெலிந்தபின் அதனை மாற்றுதல் நன்று. பலகையொன்றின் விலையை மிச்சம் பிடிக்க எண்ணி நாளைக் கடத்துபவர், நழுவிய தேக்குப் பலகையாலும் முறிந்த அலகாலும் அதனிற் பன்மடங்கு இழக்க நேரும்.

மாற்றும் முறை கடினமானதன்று; பொறுமையை வேண்டுவது. முதலில் பம்பியையும் இயந்திரத்தையும் நிறுத்திப் பழைய பலகையை எடுத்தல் வேண்டும். மேசையிலுள்ள காற்று வாய்க்கால்களில் தங்கிய தூளை அகற்றி, ஓரத்து இறப்பர் நாடாக்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய பலகையின் அடிமுகத்தை அரை மில்லிமீற்றர் அளவு சீவிய பின் அதனைப் புரட்டிப் போட வேண்டும். நான்கு விளிம்புகளுக்கும் பெயின்ற் பூசி அடைக்காவிடின் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். பின்னர், அகன்ற அலகை மாட்டி, அதே இயந்திரத்தைக் கொண்டே மேல்முகத்தையும் சீவுதல் வேண்டும். அப்பொழுதுதான் பலகையின் முகம் அலகு செல்லும் தளத்தோடு முற்றும் பொருந்தும். இத்தூள் மிக நுண்ணியது, சுவாசத்துக்குத் தீங்கானது. தூளுறிஞ்சியும் முகமூடியும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. இறுதியாக, புதிய உயரத்தை இயந்திரத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். அதை மறந்தால், மெலிந்த பழைய பலகையே கிடப்பதாக எண்ணி இயந்திரம் அலகைப் புதிய பலகைக்குள் ஆழ அமிழ்த்திவிடும்.

ஊவாவில் மேலும் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஒன்று உயரம். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். ஹப்புத்தளையில் அது கடல் மட்டத்திலும் நூற்றுக்கு 15 பங்களவு குறைவு. ஆதலால் கொழும்பில் மரத்தை இறுகப் பிடித்த அதே பம்பி, மலைமேல் அந்த அளவுக்குப் பிடிக்காது. மற்றையது பருவம். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை அளிப்பது. ஒக்டோபரின் பின்னர் மழை வரும். எம்.டி.எப். பலகை ஈரத்தை ஏற்று வீங்கும் தன்மையது. ஆகையால் புதிய பலகையைச் சில நாட்கள் பட்டறையிலேயே கிடத்திய பின் பொருத்துவதும், மழைக்காலம் தொடங்கியதும் அதன் சமதளத்தைச் சோதிப்பதும் அறிவுடைமை.

பசறையிலோ பண்டாரவளையிலோ ஒரு லயத்தில் வளர்ந்து, பதுளைப் பட்டறைக்கு வேலை பழக வரும் இளைஞன், கணினியைக் கண்டு இது தனக்கு எட்டாதது என்று ஒதுங்குதல் கூடும். அவன் ஒதுங்க வேண்டுவதில்லை. காற்று எளிய வழியை நாடும் என்பதை, தொழிற்சாலையில் வேலை செய்த அவனுடைய தந்தையோ தாயோ பல்லாண்டுகள் கையாலேயே அறிந்திருக்கின்றனர். வீட்டில் இருந்த அந்த அறிவுக்குப் பட்டறையில் புதிய பெயர் இடப்பட்டிருக்கின்றது, அவ்வளவே. ஆசிரியரும் பெற்றோரும் இதனை அவனுக்கு எடுத்துரைப்பாராயின், இயந்திரத்தின் முன்னே அவன் அந்நியனாக நிற்க நேராது.