தாடைக்கு அடியில் ஒரு வீக்கம்

கேட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்காட்டி விரலை மோவாய்க்கு அடியில், மெத்தென்று இருக்கும் இடத்தில் வைத்து எச்சிலை விழுங்குங்கள். விரலுக்கு மேலே ஏதோ இறுகித் தளர்வது தெரியும். வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசை அது. அதற்கு மேலே நாக்கு, கீழே கழுத்து. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள், இந்தத் தசை எலும்பில் ஒட்டியிருக்கும் கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பற்களில் சொத்தை விழுந்து, வேர் நுனியில் சீழ் வைத்து, உட்பக்கமாக எலும்பைத் துளைத்துவிட்டால், அந்தச் சீழ் வாய்க்குள் வராது. கழுத்துக்குள்தான் இறங்கும்.

கழுத்தின் ஆழத்தில் பாக்டீரியா கிருமிகள் உண்டாக்கும் தொற்று பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதிலும் பல்லில் தொடங்கி மூச்சில் வந்து முடியும் ஒரு நோயைப் பற்றி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த லுட்விக் என்ற மருத்துவர் 1836-இல் இதை விரிவாக எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? பல் வலிக்கிறது. கிராம்பு வைக்கிறோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறோம், மெடிக்கலில் சொல்லி இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறோம். ஒருநாள் வலி விட்டுவிடுகிறது. அப்பாடா என்று பல்லை மறந்துவிடுகிறோம். ஆனால் வலி நின்றது பல் குணமானதால் இல்லாமலும் இருக்கலாம். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். எலும்புக்குள் அடைபட்டிருந்த சீழ் வெளியே வழி கண்டுபிடித்து அழுத்தம் தணிந்தாலும் நிற்கும். ஓரிரு நாளில் தாடைக்கு அடியில் வீக்கம் தெரியத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

அந்த வீக்கத்தைப் பார்த்ததும் நெறி கட்டியிருக்கிறது என்போம். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிச் சங்கிலியை எடுத்துப் போடுவதும், பத்து அரைத்துப் பூசுவதும் நம் ஊரில் இன்றும் உண்டு. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தை உப்ப வைக்கும். நான் சொல்லும் வீக்கம் மோவாய்க்கு நேர் அடியில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் பரவி நிற்கும். தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். விரலால் அழுத்தினாலும் குழி விழாது. இந்தக் கெட்டித்தன்மையைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு கெட்டி? முன்னால் தாடையெலும்பு. கீழே கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும் சவ்வு. இரண்டும் இடம் விடாது. இடம் விடுவது நாக்கு மட்டும்தான். அது மேலே எழும்பும், பின்னுக்குத் தள்ளப்படும். நாக்குக்குப் பின்னால் இருப்பதோ மூச்சுப் பாதை. இந்த நோயில் உயிரை முதலில் எடுப்பது பெரும்பாலும் கிருமியின் விஷம்கூட அல்ல, மூச்சு அடைபடுவதுதான். அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடலாம்.

அப்படி ஒருவர் வந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். படுக்க மாட்டார். நாற்காலியின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழிய விட்டுக்கொண்டிருப்பார். வாய் முழுவதும் திறக்காது. பேச்சு, சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற குரலில் வரும். உறவினர்கள் பாசத்தில், "கொஞ்ச நேரம் படுங்களேன்" என்று சொல்லிப் படுக்க வைக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு இன்னும் பின்னால் சரியும். அவர் உட்கார்ந்திருக்கும் விதம் அவருடைய உடம்பே கண்டுபிடித்த பாதுகாப்பு. அப்படியே உட்கார வைத்தே 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். வழியில் தண்ணீரோ கஞ்சியோ புகட்ட வேண்டாம். காது மூக்கு தொண்டைப் பிரிவும் மயக்க மருத்துவரும் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கே போங்கள்.

நல்ல ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பழைய கணக்கு ஒன்று பதில் சொல்கிறது. 1940-இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட தொகுப்பில், இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 54 பேர் இறந்திருந்தார்கள். 1943-இல் அவரும் குரால்னிக்கும் சேர்ந்து வெளியிட்ட இருபது பேரின் விவரத்தில் அது நூற்றுக்குப் பத்தாக இறங்கியிருந்தது. பென்சிலின் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே நடந்த மாற்றம் இது. மூச்சுப் பாதையை முதலில் காப்பாற்றுவது, சீழ் பழுக்கட்டும் என்று காத்திராமல் சீக்கிரமே கீறி அழுத்தத்தைக் குறைப்பது, இந்த இரண்டையும்தான் அவர்கள் வலியுறுத்தினார்கள். மருந்து கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரத்த ஓட்டம் நசுங்கிக் கிடக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேர்வதே கஷ்டம். கீறும்போது சீழ் கொட்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் அப்படி வராது. துர்நாற்றத்தோடு பழுப்பு நிறத் தண்ணீர் கொஞ்சம் கசியும். அவ்வளவுதான். அந்த அழுத்தம் இறங்கியதே பெரிய சிகிச்சை.

மூச்சுக்கு வழி செய்ய, நோயாளி விழித்திருக்கும்போதே வளையும் கேமராக் குழாயின் உதவியோடு மூக்கு வழியாகக் குழாய் செலுத்துவார்கள். முடியாவிட்டால் கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைப்பார்கள். கையெழுத்துக் கேட்டதும் உறவினர்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். கழுத்தில் ஓட்டை போட்டால் ஆயுளுக்கும் பேச்சு வராது என்று பயப்படுகிறார்கள். இந்த நோயில் அந்தத் துளை தற்காலிகமானது. வீக்கம் வடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள், துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், பேச்சும் திரும்ப வந்துவிடும். அந்தக் கையெழுத்துக்காகச் சொந்த ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

கழுத்தில் தொடங்கியது கழுத்தோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. தொண்டைக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியிலிருந்து உதரவிதானம் வரை சவ்வுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி ஓடுகிறது. உடற்கூறியல் புத்தகத்திலேயே அதற்கு அபாய இடைவெளி என்றுதான் பெயர். சீழ் அதற்குள் புகுந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி இதயத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கே போய்விடும். கழுத்தோடு நெஞ்சையும் சேர்த்து சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும், ஆறுவதற்கு நாளாகும். கழுத்துச் சீழோடு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்துகொள்பவர்களும் உண்டு. வீக்கம் வடியட்டும் என்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அறிகுறிகளை மூடி மறைக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்குக் கழுத்தின் ஆழத்தில் தொற்று வேறு விதமாக வரும். சுமார் ஐந்து வயது வரை தொண்டையின் பின்சுவரில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. சளி பிடித்த பிறகு அவை சீழ் வைப்பதுண்டு. காய்ச்சலோடு கழுத்தைத் திருப்பாமல் விறைப்பாக வைத்திருக்கிற, பால் குடிக்க மறுக்கிற, எச்சில் ஒழுகவிடுகிற குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆபத்து நீங்கி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வேலை பாக்கியிருக்கும். தொற்றுக்குக் காரணமான பல். மருத்துவமனையிலேயே அதைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்காவிட்டால், கழுத்துத் தையல் ஆறியதும் பல் மருத்துவரிடம் போய், எடுக்க வேண்டுமா, வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாமா என்று கேட்டு அதை முடித்துவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.