கல்லூரி நீச்சலும் கரையிலுள்ள கடமையும்



மட்டாஞ்சேரியில் பிறந்தவனுக்குத் தண்ணீர் புதிய பொருளன்று. ஒரு புறம் காயல். மறு புறம் அரபிக்கடல். இடவப்பாதி தொடங்கிவிட்டால் தலைக்கு மேலும் தண்ணீர்தான். தமிழகத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து இங்கே குடியேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. இத்தகைய ஊரில் வளர்ந்தும், கல்லூரியிற் சேரும் வரையில் எனக்கு நீந்தத் தெரியாது. படகு சற்றே சாய்ந்தால் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அப்படிப்பட்டவன் கல்லூரி நீச்சல் அணியைப் பற்றிப் பேச முன்வந்தது விந்தையாகத் தோன்றலாம். கலைப் பட்டத்திற்குப் படித்த மூன்றாண்டுகளும் அவ்வணியில் எனக்கு ஒரு பதவி இருந்தது. கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதே அப்பதவி. துண்டுகளைக் காப்பதும், மறந்துபோன செருப்புகளைத் தேடிக் கொடுப்பதும் அதனுடன் சேர்ந்த உபரி அலுவல்கள்.

ஓர் அணியின் ஆண்டு மழையோடு தொடங்குகிறது. ஆனி மாதத்தில் ஆறுகள் கலங்கிப் பெருகுவதால் அவற்றில் பயிற்சி செய்வதற்கில்லை. குளம் உள்ள இடத்தை நாடி, விடியுமுன்னரே மாணவர் கூடுவர். முதல் வாரத்தில் நாற்பது பேர் வருவர். குளிரும் உறக்கமும் அவர்களைச் சலித்தெடுத்த பின் பதினைந்து பேர் எஞ்சுவர். இந்தப் பதினைந்து பேரே அணி.

பின்னர் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. எர்ணாகுளம், கோட்டயம் பகுதிகளின் கல்லூரிகள் பலவும் 1983-ல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அவற்றுள் 1950-ல் தோன்றிய பாலா புனித தோமையார் கல்லூரியும், 1955-ல் தோன்றிய கோதமங்கலம் மார் அத்தனேசியஸ் கல்லூரியும் சொந்த நீச்சற்குளம் உடையவை. இவ்விளையாட்டில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அங்கே தேறியவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரால் அகில இந்தியப் போட்டிக்குச் செல்வர். ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரு நிமிடத்திற்குள் தீர்ப்பாகிவிடுவது இவ்விளையாட்டின் இயல்பு. கலப்புத் தொடர் நீச்சலில் நால்வர் இறங்குவர்: முதல்வர் மல்லாந்தும், இரண்டாமவர் மார்பு நீச்சலிலும், மூன்றாமவர் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும், நான்காமவர் அம்மூன்றும் அல்லாத வேறு முறையிலும் நீந்துவர். முன்னவர் சுவரைத் தொடுமுன் பின்னவரின் கால் மேடையை விட்டு நீங்கிவிட்டால், நால்வரின் உழைப்பும் வீண்.

டைவிங் என்பது வேறொரு கலை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இதனை ‘நீர்ப்பாய்ச்சல்’ என்று எழுதினால், வயலுக்கு மடை திறக்கும் செயலாகிவிடும். ‘முக்குளித்தல்’ என்றாலோ முத்தெடுப்போர் நினைவுக்கு வருவர். ஆகவே டைவிங் என்றே இருக்கட்டும். ஐந்து நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவர்; மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, எஞ்சிய மூன்றின் கூட்டுத் தொகையைப் பாய்ச்சலின் கடினத்தைக் குறிக்கும் எண்ணால் பெருக்குவர். எளிதானதைப் பிழையின்றிச் செய்வதா, கடினமானதைத் துணிந்து செய்வதா என்ற வினா பலகையின் நுனியில் நிற்பவனுக்கு ஒவ்வொரு முறையும் எழும்.

போட்டிகள் முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் வருவார்கள். துறைமுகத்தில் பணிபுரிபவர், வங்கி அலுவலர், ஆசிரியர் எனப் பல நிலையினர். வயிறு சற்றே முன்வந்தவர்களும் உண்டு. நிகழ்கால மாணவர்களுடன் அவர்கள் தொடர் நீச்சலில் இறங்குவார்கள். தோற்ற பக்கம் தேநீரும் பழம்பொரியும் வாங்கித் தரவேண்டும். பெரும்பாலும் மூத்தவர்களே தோற்றார்கள். அல்லது எங்கள் பசியறிந்து தோற்றார்கள்.

அப்படி வந்த ஒருவர் என்னிடம் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்: “மற்றவர்கள் நேரத்தையெல்லாம் குறிக்கிறாயே தம்பி, நீ எப்பொழுது இறங்கப் போகிறாய்?” எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் விடுமுறை முடியும் வரையில் வந்து கற்பித்தார். நீரில் மிதக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அவர் கல்லூரிக்கு ஈட்டித் தந்த கேடயங்கள் எத்தனை என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் என் உடலை நீர் தாங்கிய அந்தக் காலைப்பொழுது நன்றாக நினைவிருக்கிறது.

இதை நான் சொந்தக் கதையாக மட்டும் சொல்லவில்லை. கோதமங்கலத்திற்கு அண்மையில் உள்ளது தட்டேக்காடு. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், உலாச் சென்ற பள்ளிப் பிள்ளைகளின் படகு அங்கே பெரியாற்றில் மூழ்கியது. பதினைந்து குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும் மாண்டனர். 2002-ல் குமரகத்தில் 29 பேர். 2023-ல் தானூரில் 22 பேர். பாதுகாப்பான படகும், மிதவைச் சட்டையும், அளவறிந்து ஆளேற்றும் ஒழுங்கும் முதற்கண் வேண்டும் என்பதில் ஐயமில்லை. நீச்சல் தெரிந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று சொல்லவும் துணியமாட்டேன். ஆயினும், சிறந்த நீச்சல் வீரர்களை வளர்க்கும் கல்லூரிக்கு அருகிலேயே நீந்தத் தெரியாத பிள்ளைகள் ஆற்றில் மூழ்குவதை எண்ணும்போது, கலை குளத்தின் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டதோ என்ற வருத்தம் எழாமல் இல்லை.

அச்சுவரைத் தாண்டிய முயற்சிகளும் உண்டு. ஆலுவாவில் பெரியாற்றிலேயே சிறுவர்க்கும் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றி நீச்சல் கற்பிக்கப்பட்டு வருகிறது. கற்றவர் கைகொடுத்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குச் சஜன் பிரகாஷும் சான்று. இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்தவர் அவர். அவருடைய தாயார் தாமே ஒரு தடகள வீராங்கனை. 2021-ல் உரோமாபுரியில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக் போட்டிக்கு நேரடித் தகுதிக்குரிய நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். ஓடக் கற்றவரின் மகன் நீந்தி உயர்ந்தார்.

எல்லோரும் அவ்வுயரத்தை எட்ட வேண்டுவதில்லை. பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் விருந்து நடத்துகின்றன, சுழற்கோப்பை வழங்குகின்றன. அவற்றோடு, அணியில் இருந்த ஒவ்வொருவரும் கோடை விடுமுறையில் சில ஞாயிற்றுக்கிழமைகளை அண்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினால் என்ன? தேர்ந்தவர் மேற்பார்வையும், ஆழமறிந்த இடமும், பெற்றோர் இசைவும் இருந்தால் போதும். பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

என் மகளுக்கு நானே நீந்தக் கற்பித்தேன். வேகமாக நீந்துகிறாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு நேரம் குறித்துப் பார்த்ததும் இல்லை. ஆனால் படகு சாயும்போது அவள் கம்பியைப் பற்றுவதில்லை. பக்கத்தில் இருக்கும் குழந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறாள். ஞாயிறுதோறும் வந்த அந்தப் பெரியவருக்கு நான் செலுத்த வேண்டிய கடனில் ஒரு சிறு பங்கு அவ்வாறு தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறேன்.